தண்ணீருக்கு வழி சொன்ன மேஸ்திரி

தண்ணீருக்கே வழி சொல்லிக்கொடுக்கிற மனிதர்கள் என்று ஒரு ரகம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? மழையில் ஒரு நாள் முழுசாக நனைந்திருக்க மாட்டார்கள். ஆனால் மழை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைக் கோலால் தரையில் கிழித்துக் காட்டிவிடுவார்கள். கோலார் தங்கவயலில் சுரங்கம் தோண்டத் தொடங்கிய நாட்களில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் பர்னபாஸ் மேஸ்திரி.

சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியான ஷாப்டின் அடியில் பம்புக்குப் பக்கத்தில் ஆறு வருஷம் நின்றவர். சுரங்கத்துக்குள் கசிகிற நீரெல்லாம் அடிமட்டத்தில் ஒரு குழியில் போய்ச் சேரும். அதற்குச் சம்பு என்று பெயர். பம்பு அதை மேலே தள்ளும். கூலிக்காரர்களுக்கு மூங்கில் தட்டி வீடு கட்டும் வேலை கைக்கு வந்ததும், இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு, இருபது வீட்டையும் நூல் பிடித்தாற்போல் நிறுத்தி, நிலத்தை நாலு பக்கமும் உள்ளே சரித்து, நட்டநடுவில் ஒரு சம்பு வெட்டிவிட்டார். பம்பு? அதை யார் நினைத்தார்கள்! தம் வீட்டை மட்டும், மேற்பார்வைக்கு வசதி என்று மேட்டில் கட்டிக்கொண்டார்.

சம்பை ஒட்டினாற்போல் தாயம்மாவின் வீடு. மகள் பாப்பம்மாவுக்கு நிறைமாதம். தாயம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

“மேஸ்திரி, மேட்டுத் தண்ணி பூரா எங்க வூட்டாண்டதான் வரும். பின்னால ஒரு கால்வா வெட்டிக்கறேங்க.”

“வெட்டினா லைன் கோணிப்பூடும். ஆறு வருசம் தண்ணிகூடவே நின்னவன் நானு. எனக்குத் தெரியாத தண்ணி இன்னா தண்ணி?”

இந்தக் கடைசிக் கேள்வி அந்த ரகத்தின் வேதவாக்கு. இதைக் கேட்டுவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது.

ஐப்பசியில் ஒரு காலை பூதிகோட்டைப் பக்கம் வானம் கறுத்தது. பிடித்த மழை மத்தியானம் வரை விடவில்லை. பாப்பம்மாவுக்கு அன்றா வலி எடுக்க வேண்டும்? குழந்தை வீல் என்று கத்தியபோது கட்டில் கால் தண்ணீரில் நின்றது.

அந்நேரம் பார்த்து, முழங்கால் தண்ணீரில், குடையும் கையுமாக மேஸ்திரி வந்தார். முகமெல்லாம் பெருமை.

“பாத்தியா தாயம்மா! ஒரு சொட்டு வேற எங்கியாவது போச்சா? நான் சொன்ன எடத்துக்கே வந்துச்சு பாரு!”

“வந்துச்சுங்க. உங்க வூட்ல தண்ணி கீதா?”

“எப்பிடி வரும்? மேடாச்சே!”

“அப்ப சரி.”

குழந்தையைச் சேலையில் சுற்றிக்கொண்டு தாயம்மா முன்னே நடந்தாள். நாலு பேர் பாப்பம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டார்கள். பின்னாலேயே இருபது வீட்டுச் சனமும், சட்டி பானையும், கோழிகளும் மேடேறின. மேஸ்திரி வந்து பார்த்தபோது அவர் வீட்டில் அவருக்கு மட்டும் இடமில்லை. குடையோடு வாசலிலேயே நின்றார்.

மறுநாள் கால்வாய் வெட்டியாயிற்று. நூல் பிடித்தவர் மேஸ்திரியேதான். “இது நான் மொதல்லயே நெனச்சதுதான்” என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எதற்கும் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்வாருங்கள். உங்கள் மாடித் தண்ணீர்க் குழாய் யார் வீட்டு வாசலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது?