லோயர் கேம்ப் புல்லும் ஓடைப்பட்டிச் சம்பந்தமும்

செடி கொடி வைத்தால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு இடுப்புதான் பிடித்துக்கொண்டது. வாசலில் தோட்டம் போடும் ஆசை யாருக்காவது வந்தால் தயவுசெய்து என்னிடம் யோசனை கேட்காதீர்கள். அலுப்பாக இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலம். எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேலையாக லோயர் கேம்ப்பில் இருந்த துரை பங்களாவுக்குப் போனவன், வாசலில் பச்சைப்பசேலென்று புல்தரையையும் ஓரத்தில் குரோட்டன்ஸ் செடிகளையும் பார்த்துச் சொக்கிப்போனேன். புத்தி பேதலித்துவிட்டது. (இருந்ததே கொஞ்சம்.) ஓடைப்பட்டியிலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. அவர்களை வாசலிலேயே அசத்திவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டு முன்னால் கத்தரியும் மிளகாயும் காய்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடுங்கி எறிந்தேன். வாய்க்கால் கரையிலிருந்து அருகம்புல்லைப் பறித்து வந்து, கணுக்கணுவாக நறுக்கி நட்டேன். கோடை முழுக்கக் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஏலே, ஊரே புல்லப் புடுங்குது, நீ நட்டு வைக்கிற! பாக்குறவுக என்ன நெனப்பாக?"

"ஒனக்கு என்னாத்தா தெரியும்?" என்றேன். (தெரிந்திருந்தது.)

பெண் வீட்டார் வந்த நேரம், நான் வாழை இலை அறுக்கப் போயிருந்தேன். வீட்டில் சமையல் முடியவில்லை. காட்டு வேலை பார்த்துப் பழகிய சம்சாரி வீட்டுப் பெண்களால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? நான் இலைக்கட்டோடு திரும்பியபோது, பெண்ணின் அத்தையும் கூட வந்த பெண்களும் வரிசையாகக் குத்தவைத்து என் புல்தரையைக் களையெடுத்து முடித்திருந்தார்கள். வேர்கூட மிச்சமில்லை. அவர்களுடைய வண்டி மாடுகள் என் கோடைகால உழைப்பை அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"கூச்சப்படாதீக தம்பி, ஆளில்லாத வீட்டுல புல்லு மண்டத்தான் செய்யும்" என்றார் அத்தை, மண்கையைத் தட்டிக்கொண்டே.

பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆளில்லாம என்ன? தம்பி இங்கனதான இருக்காக?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. 'நான்தான் நட்டேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவனுக்கு இடுப்பு வளையாதுண்ணே. சுத்தச் சோம்பேறி."

பெற்ற தாய் சொல்லக்கூடிய வார்த்தையா? ஆனால் அவள் கணக்கு வேறு. வேண்டுமென்றே புல் நடுகிற கிறுக்கனுக்கு எங்கள் பக்கம் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். சோம்பேறிக்குக் கொடுப்பார்கள்.

பெண்ணின் அப்பா முகம் தெளிந்தது. "சோம்பல்தான? அத எம்மக பாத்துக்கிருவா" என்றார்.

பார்த்துக்கொண்டாள். இன்றுவரை மாமனார் வீட்டு ஆட்கள் யார் வந்தாலும் வாசலில் நின்று, "மாப்பிள்ள, களக்கொத்தி எங்கன இருக்கு?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்கள். நானும் அசடு வழிய நிற்பேன். உண்மை என் மனைவிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் ஆசையாகச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. என் மானத்துக்காக என்று வெகுநாள் நம்பியிருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சோம்பேறிக்கு வாக்கப்பட்டேன்னு சொன்னா நாலு பேரு பாவம்பாக. புல்லு நட்டவனுக்கு வாக்கப்பட்டேன்னு சொன்னா, என்னையில்ல சிரிப்பாக!"