இரகசியம்: சோலைமலைக்கு மட்டும்

“சேர், சோலைமலைக்குப் போட்ட கடிதம் லயத்து விலாசத்துக்கா போச்சு?” தபால் புத்தகத்தைப் புரட்டியபடி கேட்டாள் குமாஸ்தா ஜீவராணி.

“அவரே கைப்பட எழுதிக் குடுத்த விலாசம்தானே?”

“லயத்துக்குன்னு தனியா தபால் வராதுங்க சேர். எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அவங்க பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் குடுப்பாங்க. நான் லயத்து வரிசை வீட்டுல பொறந்தவ, எனக்குத் தெரியாதா?”

சட்டத்தரணி கஜேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஹட்டனில் தண்ணீர், மின்சாரம், வியாபாரம் என்று எந்த வழக்கென்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன், வழக்கின் மொத்தத் திட்டத்தையும் முத்திரை ஒட்டி எதிராளிக்கே அனுப்பியிருக்கிறார்!

லயத்தில் நாற்பது தொழிலாளர் வீட்டுக்கு வந்த ஊற்றுத் தண்ணீரை, தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரை தன் சுற்றுலா விடுதிக்குத் திருப்பிவிட்டார். அதற்கு அரசாங்க அனுமதி கிடையாது. லயத்து ஆட்களுக்காக வழக்குக் கொடுத்த சோலைமலை பேரில் திங்கட்கிழமை தடையுத்தரவு வாங்க ஏற்பாடு. துரை அதற்குள் விஷயம் தெரிந்து அனுமதி வாங்கிவிட்டால் வழக்கு அம்போ. நாற்பது வீட்டுப் பெண்களும் குடத்தோடு ஆற்றுக்கு இறங்க வேண்டியதுதான்.

தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்குக் குரலை மாற்றிக்கொண்டு போன் போட்டார். “சோலைமலைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கும். பிரிக்காம எடுத்து வைங்க.”

“மூணு நாளா ஒரு கவர் கிடந்துச்சு. ஆனா சட்டத்தரணின்னுல்ல சீல் குத்தியிருக்கு? எதுக்கும்னு காலையிலயே துரைகிட்ட குடுத்துட்டேங்க.”

கெட்டது குடி. கஜேந்திரன் ஆட்டோ பிடித்து ஓடினார். பாதி மேட்டில் ஆட்டோ நின்றுவிட்டது. மழையில் நடந்தவரை ஒரு ஜீப் ஏற்றிக்கொண்டது. ஓட்டியவர் துரையேதான். முன்கண்ணாடிக்குக் கீழே அந்தக் கவர்.

கஜேந்திரன் கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை.

“உங்க கடிதந்தானே? நீங்களே குடுத்துருங்க,” என்று கவரை நீட்டி, லயத்து வாசலிலேயே இறக்கிவிட்டார் துரை. என்றைக்கும் இல்லாத மரியாதை.

கஜேந்திரன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது, ஓரம் மட்டும் கொஞ்சம் ஈரம். மழைதான் என்று நினைத்துக்கொண்டார். மாரியாத்தா காப்பாற்றிவிட்டாள்.

ஆனால் லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துரை பங்களாவில் சமையல் செய்யும் ராக்காயி, சோலைமலையின் மனைவி, குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“தண்ணி எப்படிம்மா வந்துச்சு? கடிதத்தத்தான் யாரும் படிக்கலியே?”

ராக்காயி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். “திருப்பி ஒட்டச் சோத்துப் பசை குடுத்ததே நாந்தாங்க, துரை படிச்சுப் பயப்படட்டும்னுதானே எங்க வீட்டுக்காரரு அந்த விலாசத்த எழுதிக் குடுத்தாரு.”