ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க்

என்ன ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ரஃபி அகமது முடிவு கட்டினார்.

மனிதர் ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் பேக்கிங் சூப்பர்வைசர். வாரத்தில் ஆறு நாள் சத்துவாச்சாரியிலிருந்து பஸ்ஸில் போய் வந்து இடுப்பு கழன்றுபோன ஜீவன். ஏழாவது நாள் காலை நீட்டிப் படுக்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே கிடையாது. அதற்கும் மனைவி சைரா வேட்டு வைத்தாள்.

"ஏங்க, நம்ம பொண்ணு தூபா நிக்காஹ் படமெல்லாம் கம்ப்யூட்டர்லயே கெடக்குது. ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்குங்க. ஒண்ணு இங்க, ஒண்ணு பாகாயத்துல எங்கம்மி வீட்ல. ஞாயித்துக்கிழமை ஆனா போயி மாத்திட்டு வந்துரலாம்."

மாமியார் வீட்டுக்கு வாராவாரமா? அவருக்கு அப்போதே இடுப்பு வலித்தது. மறுநாளே கடைக்குப் போய் இரண்டு டிஸ்க் உள்ள ஒரு பெட்டியை வாங்கி வந்தார். அதற்கு ரெய்டு என்று பேராம். ஒன்றில் ஏற்றினால் மற்றதிலும் தானாக ஏறிக்கொள்ளுமாம். படங்களை எல்லாம் அதற்கு மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டார்.

"ஜோடின்னா ஒரே பெட்டியிலதான் இருக்கணும் சைரா. இருபது வருஷம் பேக்கிங் பண்ணவன் சொல்றேன்."

"பார்ட்டி ஓகே பண்ண சாம்பிள் ஷூவுல ஒண்ணு ஃபேக்டரியில, ஒண்ணு பார்ட்டிகிட்டன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது வேற."

"இன்னா வேற?"

"வேறன்னா வேறதான். பேஜார் பண்ணாத."

சைரா சரி என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் பயப்படவேண்டும். ஆனால் பயப்படக்கூடத் தெம்பில்லாமல் அவர் தூங்கிப்போனார்.

மூன்று ஞாயிறு நிம்மதியாகத் தூங்கினார். அடுத்து வந்த சனிக்கிழமை சாயங்காலம் மகள் தூபா போன் போட்டு நிக்காஹ் படம் கேட்டாள். பெட்டியில் தேடினார். நிக்காஹ் ஃபோல்டரே இல்லை. இன்னொரு டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி மாட்டிப் பார்த்தார். அதிலும் இல்லை. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழிந்துவிடும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. போன வாரம் பெட்டியிலிருந்த பழைய சினிமாக்களை அழித்தபோது இதையும் சேர்த்துத் தொலைத்திருப்போம் என்று நினைத்தார். பெற்ற மகளின் நிக்காஹ்! அடக்கமுடியாமல் அழுகை வந்துவிட்டது.

"அழாதீங்க," என்றாள் சைரா, வெங்காயம் உரித்தபடி. "நீங்க பெட்டி வாங்குன அன்னைக்கே என் தம்பி முஸம்மில்கிட்ட சொல்லி தனி டிஸ்க்ல ஒரு காப்பி போட்டேன். எங்கம்மி பீரோவுல இருக்குது."

"அவனையே எடுத்துட்டு வரச் சொல்லேன்."

"அவன் ஏலகிரி போய்ட்டான். நாளைக்கு நாம போவோம். இனிமே வாராவாரம் போவோம்."

"வாராவாரமா?"

"படம் வேணுமா, வேணாமா?"

"வேணும்," என்றார் ரஃபி அகமது.

ஞாயிற்றுக்கிழமை பாகாயத்தில் மாமியார் ஒரு கையில் டிஸ்க்கும் மறு கையில் கறித்தட்டுமாக வரவேற்றார்.

"வாங்க மாப்ளே. இந்த வாரம் நீங்க கண்டிப்பா வருவீங்க, கறி எடுத்து வைங்கன்னு சைரா திங்கக்கிழமையே சொல்லிட்டா."

படம் காணோம் என்று ரஃபி அகமதுவுக்குத் தெரிந்ததே நேற்று சாயங்காலம்தான்.