ஹாலாஸ்யத்தின் தபால் பெட்டிகள்

"பொண்ணாத்துக்குப் பதில் சொன்னியாடா, இல்லையா?"

ஜகதாம்பாளின் சத்தத்தில் தெருவே ஜன்னலைத் திறந்தது.

"சொல்லி அனுப்பியாச்சும்மா! பதில் வரும்போது வரட்டும். வேலையைப் பாரு!" என்று பதிலுக்குக் கத்தினான் ஹாலாஸ்யம்.

நாகமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு. புரோகிராமைத் துண்டு துண்டாக்கி, துண்டுக்கொரு தபால் பெட்டி வைத்துக்கொண்டிருந்தான். ஒரு துண்டு இன்னொன்றின் பெட்டியில் சேதியைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும்; பதிலுக்குக் காத்து நிற்காது. பெட்டிக்குச் சொந்தமான துண்டு, சேதிகளை வந்த வரிசையில் ஒவ்வொன்றாக எடுக்கும். இதை வைத்து ஊரே புரோகிராம் எழுதலாமாம். எழுதட்டும், வாழ்க்கைக்கும் இதுதான் வழி என்று அவன் நம்பியதுதான் வினை.

கல்லூரியில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். வருகிறவர்கள் வாசலில் பியூன் காளையிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஹாலாஸ்யம் உள்ளேயிருந்து "அடுத்தது?" என்று கேட்டால்தான் காளை வாய் திறக்கலாம். குறுக்கே புகுந்தால் திட்டு.

ஆனையூர் ஸ்யாமளாவைப் பெண் பார்த்த நாளிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நேர்ல போயிட்டு வாயேன்டா."

"காத்துண்டு நிக்க என்னால ஆகாதும்மா."

'பிடிச்சிருக்கு' என்று தரகர் பிச்சுமணியிடம் சொல்லி அனுப்பியிருந்தான். பதில் இல்லை. 'இல்லேன்னா வேற இடம் பாக்கறோம்' என்று அத்தை மகனைச் சைக்கிளில் விரட்டினான். உடனே பயம் வந்து, பெண் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு போனில், 'முன்னால சொன்னதை மறந்துடுங்கோ' என்றான்.

தரகர் தாமதமாகப் போய்ச் சேர்ந்த அன்றே போனும் வந்தது. சைக்கிள் வழியில் பஞ்சராகிக் கடைசியில் போய் நின்றது. ஆக, பெண் வீட்டார் கேட்டது: பிடித்திருக்கிறது, அதை மறந்துவிடுங்கள், வேறு இடம் பார்க்கிறோம்.

"பிள்ளையாத்துக்காரா விளையாடறாளா?" என்றார் பெண்ணின் அப்பா சுப்பராமன்.

இரண்டு பேர் கொண்டுபோகும் சேதி முன்பின்னாகச் சேரும் என்ற இதே கோளாறை ஹாலாஸ்யம் புரோகிராமில் அந்த வாரம்தான் சரிசெய்திருந்தான்!

தையில் ஸ்யாமளா ஒரு பாங்க் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பூனாவுக்குப் போய்விட்டாள். தபால் பெட்டிகள் பிரமாதமாக ஓடின. பம்பாய்க் கம்பெனி ஒன்று ஹாலாஸ்யத்தைக் கூப்பிட்டது. கிளம்பும் நாளில் அறையைப் பூட்டினான்.

"காளை, பாக்கி ஏதும் இருக்கா?"

"ரெண்டு இருக்கு சார். ஐப்பசியில ஃபேன் ரிப்பேர்காரரு வந்துட்டுப் போனாரு, அதுக்கப்புறம் நீங்க கேக்கவேயில்லை."

"சரி, அடுத்தது?"

"அன்னைக்கே ஆனையூர்லருந்து ஒரு பொம்பளப் பிள்ளை தனியா வந்துச்சு சார். 'யார் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம், அவரைக் கூப்பிடுங்க'ன்னுச்சு. முறை வரட்டும்மான்னேன், கடைசி பஸ் வரைக்கும் அந்த ஸ்டூல்லயே காத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு."