ஏழு வீட்டுக்கு ஒரு கூரை

சீமெந்து விற்றுப் பிழைத்துக்கொண்டே சீமெந்தைப் பரம எதிரியாக நினைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில் இருந்தார். சீமெந்து நானா. அவருடைய வாப்பா வைத்த பெயர் வேறு. அதைத் தபால்காரரே மறந்துவிட்டார்.

கண்டியில் எங்கள் வரிசை ஏழு வீடுகள். மிகப் பழையவை. சுவர்கள் பொது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கூரை, வளைந்த நாட்டு ஓடு. ஒரு வீட்டைத் தட்டினால் ஏழும் இருமும். முதல் வீட்டில் என் ரொட்டிக் கடை. கடைசி வீட்டில் நானாவின் கடை. நடு வீடு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயாவுடையது. அதற்குப் பக்கத்தில் சிங்கள டெய்லர்.

நானா வத்தேகமவுக்கு லொறியில் சீமெந்து அனுப்புவார். தெல்தெனியவுக்கும் அனுப்புவார். எங்கள் வரிசைக்காரர் கேட்டால் முடிந்துவிட்டது என்பார். மூட்டை அடுக்கின் மேல் குந்திக்கொண்டுதான் சொல்வார்.

"நானா, நீங்க குந்தியிருக்கிறது என்னா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இது கம்பளைக்காரன்ட. நீ போய் சுண்ணாம்பக் குழை."

பழைய சுவருக்குச் சீமெந்து பூசினால் சுவர் மூச்சுமுட்டிச் சாகும், ஒன்று செத்தால் வரிசையே போகும் என்பது அவர் கட்சி. என் மனைவி குசினி அடுப்படியில் ஒரு கரண்டி சீமெந்து பூசினாள். மணத்தை வைத்தே பிடித்துவிட்டார். ஒரு கிழமை முழுக்க என் கடையில் சாப்பிடவில்லை. எதிர்க் கடையில் ரொட்டி வாங்கி, என் கடை வாசலில் நின்று தின்றார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் நடு வீட்டுக்குத் தீ வைத்தார்கள். என் கடையில் கண்ணாடி அலுமாரி மட்டும் போனது. கிளாக்கர் ஐயாவும் மனைவியும் டெய்லர் வீட்டு உள்ளறையில் ஒளிந்திருந்தார்கள். பிறகு முகாம். பிறகு யாழ்ப்பாணம். தீ கூரையோடு ஓடாதபடி நாங்கள் வாளி வாளியாக ஊற்றினோம். நடு வீட்டுக் கூரை விழுந்தது. சுவர் நின்றது.

அடுத்த மழையில் அந்தச் சுவரும் கரையத் தொடங்கியது. நானா எல்லோரையும் கூப்பிட்டார். கூரை போட வேண்டும் என்றார். ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு என்றோம். இன்றைக்கு அது, நாளைக்கு உன் வீடு என்றார். தகரம் போடலாம் என்றோம். எழுந்து அடிக்க வந்தார்.

நாட்டு ஓடு அப்போது யாரும் செய்யவில்லை. கடையில் இருந்தது தட்டை ஓடு. வளைவும் தட்டையும் சேராது. நானா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வீட்டுக் குசினியின் மேலிருந்தும் ஓட்டைக் கழற்றி நடு வீட்டுக்குப் போடுவது. குசினிக்குத் தகரம். பின்பக்கம்தானே, யார் பார்க்கிறது என்றார். நாங்கள் பார்ப்போம் என்றேன். நீ ரொட்டியைப் பார் என்றார்.

கழற்றினோம். மரம் கம்பளையில் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. கூரை ஏறியது. தெருவிலிருந்து பார்த்தால் வரிசை அப்படியே இருந்தது. உள்ளே எங்கள் குசினி ஒழுகியது. மழை நேரம் தகரச் சத்தத்தில் கணவன் மனைவி சண்டை போட முடியவில்லை. அது ஒரு நன்மை.

யுத்தம் வந்தது. தெருவுக்குத் தெரு விழிப்புக் குழு வேண்டும் என்றது பொலிஸ். சந்தேகமான பொதி கண்டால் சொல்ல வேண்டும். தலைவராக யாரும் முன்வரவில்லை. நானா வந்தார். சொந்தக் காசில் ஒரு விசில் வாங்கினார். அதன்பிறகு எங்கள் குழு குண்டு தேடவில்லை. இரும்புக் கதவும் சீமெந்தும் தேடியது.

குசினி ஒழுக்குத் தாங்காமல் டெய்லர் வத்தேகமவில் ஒரு மூட்டை சீமெந்து வாங்கினார். சாக்கில் சுற்றி, துணிக்கட்டு மாதிரி கொண்டுவந்து வாசலில் வைத்தார். நானா பார்த்தார். விசில் ஊதினார். இராணுவம் வந்து கயிறு கட்டியது. நான் ரொட்டி மாக்கையோடு ஓடிவந்தேன். ஒரு சிப்பாய் ஊர்ந்துபோய்ச் சாக்கை அறுத்தான். சாம்பல் நிறத் தூள்.

இது சீமெந்து அல்லவா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். அதைத்தான் மாத்தயா நானும் சொல்கிறேன், வரிசைக்கே ஆபத்து என்றார் நானா.

நானாவை அரை நாள் பொலிஸில் வைத்திருந்தார்கள். டெய்லர்தான் போய் மன்றாடி எடுத்துவந்தார். பொலிஸ் நிலையச் சுவர் அசல் சுண்ணாம்பு, தடவிப் பார்த்தேன் என்றபடி நானா வந்து இறங்கினார்.

பல வருடம் கழித்து, சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலத்தில் கிளாக்கர் ஐயா வந்தார். தலை வெளுத்திருந்தது. கூட ஒரு தரகர். நடு வீட்டை இடித்து நாலு மாடி லொட்ஜ் கட்ட கொழும்பில் ஆள் இருக்கிறதாம். கையெழுத்து மட்டும் பாக்கி. நானாவின் முகம் செத்துப்போனது. நடு வீடு போனால் எங்கள் ஆறும் நிற்காது.

ஐயா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கோபம் வந்துவிட்டது.

"ஆரைக் கேட்டு என்ர வீட்டுக்குக் கூரை போட்டனீங்கள்?"

"வூடு உங்கட. இல்லண்டு சொல்லல்ல," என்றார் நானா. "கூரை ஏழு வூட்டுக்கும் ஒண்டு. நடுவுல ஓட்டைய வச்சிட்டு நாங்க எப்பிடி இருக்கிற?"

ஐயா வந்ததற்கு எல்லோரிடமும் பயணம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று என் வீட்டுக்கு வந்தார். மழை பிடித்தது. குசினியில் உட்கார்ந்தார். சுற்றிவர வாளி, சட்டி, பேசின். மனைவி தேத்தண்ணியை ஒழுக்குப் படாத பக்கம் நகர்த்தி வைத்தாள். ஐயா மேலே பார்த்தார். தகரம்.

"ஓடு எங்க?"

"உங்க வீட்டு மேல இருக்குங்க," என்றேன்.

தேத்தண்ணியைக் குடித்தார். அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் தகரம், வாளி. டெய்லர் வீட்டில் குடை பிடித்துத்தான் தேத்தண்ணி கொடுத்தார்கள். எல்லா வீட்டுக்கும் போய்விட்டுத் தன் வீட்டுக்குள் போனார். அங்கே ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெளியே வந்தார்.

தரகர் தெருவில் நிறுத்தியிருந்த வானுக்குள் இருந்து, நேரம் போகுது ஐயா என்றார்.

"நீர் போம் தம்பி," என்றார் ஐயா. "சுவர்தான் என்ர. கூரை இவையின்ர. என்னெண்டு விக்கிறது?"

வான் போய்விட்டது. ஐயா நானாவின் கையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். நானா விடவில்லை.

"அது கிடக்கட்டும். இவ்வளவு காலம் வூட்டப் பூட்டி வச்சா கறையான் சும்மா ஈக்குமா? படிச்ச மனிசன், புத்தி வாணாமா? வந்து இருங்க."

மழையில் நின்று ஏசிக்கொண்டே இருந்தார். ஐயா சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மனதுக்குப் பிடித்தவர்களைத்தான் நானா ஏசுவார் என்று டெய்லர் என் காதில் சொன்னார்.

என்னை அவர் மௌத்தாகி மண்ணுக்குப் போகும்வரை ஏசினார். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.