எட்டாம் நம்பரில் என் சோலோ

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனிமேல் எவனாவது மேடையேறி, "அண்ணே, ஒரே ஒரு பாட்டு பாடிக்கிறேன்" என்று மைக்கைப் பிடித்தால், அவனுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. என் கீபோர்ட் சொல்லும்.

என் பெயர் பெரியநாயகம். நாயகம் ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் மட்டும்தான். நிர்வாகம் என் மனைவி எல்ஸியுடையது. பகலில் லகாட் ரோட்டில் ஒரு கார் உதிரிப்பாகக் கடையில் ஸ்டோர் கீப்பர். வாரக் கடைசியில் கல்யாண டின்னர்களில் கீபோர்ட் வாசிப்பவன். இருபத்திரண்டு வருடமாக வாசிக்கிறேன்.

ஈப்போவில் நம் ஆட்கள் டின்னர் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேக் வெட்டும்வரை மேடை எங்களுடையது. வெட்டியபிறகு சொந்தக்காரர்களுடையது. "சுருதி என்னா அங்கிள்?" என்று கேட்டால், "நீ போடு லா, நான் புடிச்சிக்கிறேன்" என்பார்கள். ஒருவரும் இதுவரை பிடித்ததில்லை. அவர்கள் ஓட ஓட நான்தான் பின்னாலேயே துரத்திக்கொண்டு போக வேண்டும்.

இதில் மன்னன் என் மச்சான் சில்வெஸ்டர். எல்ஸியின் அண்ணன். சிம்பாங் பூலாய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த குரல். ஒரு நிரையில் நின்று கூப்பிட்டால் பத்தாவது நிரையில் பால் மரம் சீவுபவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். போன வருடம் ஒரு டின்னரில் ஒரே பாட்டில் மூன்று சுருதி மாறினார். வீடியோ ஊரெல்லாம் போனது. அதன் கீழே எல்லாரும் எழுதியது ஒன்றுதான்: "கீபோர்ட்காரருக்கு உடம்பு சரியில்லையா?"

இப்போது அதே சில்வெஸ்டரின் மகள் பமேலாவுக்குக் கல்யாணம். குனோங் ராபாட்டில் டின்னர். பேண்ட் நாங்கள். பெண்ணைப் பெற்றவர் பாடாமல் விடுவாரா? ஆனால் அந்த மேடையில் எனக்கும் ஒரு வேலை இருந்தது.

என் சொந்தப் படைப்பு அது. பெயர், 'கித்தாக் காட்டில் மழை'. ரப்பரை நாங்கள் கித்தா என்போம். ஏழு நிமிடம். பாட்டுக்காரர் கிடையாது, நான் மட்டும்தான். புல்லாங்குழல், வயலின், நடுவில் நிஜ மழைச் சத்தம். வீட்டில் முதல்முறை வாசித்தபோது எல்ஸி கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினாள். வாழ்க்கையில் நான் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவன் பாட்டை வாசித்தாயிற்று. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நானூறு பேர் என் பாட்டைக் கேட்க வேண்டும்.

அதற்காகத்தான் திட்டம் போட்டேன்.

அதுவரை என் கீபோர்டில் சத்தங்கள் கிடந்த கிடப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஷெனாய் ஓரிடம், அதற்குரிய தாளம் வேறிடம். ஒரு டின்னரில் மணப்பெண் உள்ளே நுழையும் நேரம் அவசரத்தில் பட்டன் மாறி நாய் குரைத்தது. மாப்பிள்ளை வீட்டார் இன்றும் என்னோடு பேசுவதில்லை. இந்த முறை இரண்டு வாரம் உட்கார்ந்து, கடையில் நட்டு, போல்ட்டு, பிரேக் பேடு அடுக்குவதுபோல் அடுக்கினேன். ஒரு பாட்டுக்கு ஒரு நம்பர். சத்தம், தாளம், வேகம், சுருதி எல்லாம் அந்த நம்பருக்குள். இடது காலால் பெடலை ஒரு மிதி. அடுத்த நம்பர் வரும். மொத்தம் பதினாலு. கேக் வெட்டியதும் எட்டு. எட்டாம் நம்பரில் என் சோலோ. சொந்தக்காரர்களுக்கு நம்பரே கிடையாது.

எல்ஸியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அண்ணன் பாடணும்னா?"

"முடியாது."

"நீங்க முடியாதுன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. மிஷின் சொல்லுது. இது முன்னாடிதான் போவும். நடுவுல யாரையும் ஏத்தாது. எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி."

"அவரு பொண்ணு கல்யாணம்ங்க."

"அவரு பொண்ணு கல்யாணம். என் கீபோர்ட்."

"அண்ணன் ஒரு மாசமா குளிக்கிறப்பல்லாம் பாடிப் பாக்குறாராம். அண்ணி சொன்னாங்க."

"பாடட்டும். அங்க யாரு வீடியோ எடுக்கப் போறா?"

எல்ஸி கீபோர்டை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. இருபத்து நான்கு வருடக் குடித்தனத்தில் சண்டையில்லாத 'சரிங்க' இரண்டே முறைதான் வந்திருக்கிறது. முதல் 'சரிங்க'வுக்கு மறுநாள் என் மோட்டார்சைக்கிள் அவள் தம்பி வீட்டில் நின்றது. இரண்டாவதற்கு என் மீசை போனது.

ஆனால் மூன்றாவது 'சரிங்க'வோடு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்படிங்க இவ்ளோத்தையும் அடுக்குனீங்க? சொல்லுங்களேன்" என்றாள். என் கீபோர்டைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. மனுஷன் உருகிவிட்டேன்.

"ஒனக்குப் புரியாது. இருந்தாலும் சொல்றேன். இதுக்குப் பேரு ரெஜிஸ்ட்ரேஷன்."

"ரெஜிஸ்ட்ரேஷன் எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா கிளினிக் கவுண்டர்ல அதான பண்றேன். நம்பர் குடுக்கணும், வரிசையா உள்ள அனுப்பணும்."

"அது வேற, இது வேற. பாரு, இங்க சுருதி. பிளஸ்ல கூட்டலாம், மைனஸ்ல கொறைக்கலாம். இத அமுக்குனா மெமரியில ஏறிடும்."

"ஏறிட்டா?"

"அப்புறம் நான் நெனச்சாலும் மாத்தக் கூடாது. பெடல் எதக் காட்டுதோ அதுதான் வேதம்."

"செனாங்கா, ஈஸியாத்தான் இருக்கு. இன்னொரு தடவ காட்டுங்க."

காட்டினேன். அப்படியே ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி கீபோர்டின் முன்பக்கம் ஒட்டவும் செய்தேன்: 'செட்லிஸ்ட் மாற்றப்பட மாட்டாது. தயவுசெய்து கேட்க வேண்டாம்.' "எழுத்து அழகா இருக்குங்க" என்றாள். டேப்பைக் கிழித்துக் கொடுத்ததே அவள்தான்.

டின்னர் அன்று மத்தியானம் என் தலையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"காதோரம் நரைச்சிருக்கு. சோலோ வாசிக்கப்போற ஆளு. போயி மை போட்டுட்டு வாங்க."

"நேரமாயிடும்."

"நானூறு பேரு ஒங்களயே பாக்கப்போறாங்க. பரவால்லயா?"

போனேன். முடிவெட்டும் கடையில் கூட்டம். இரண்டு மணி நேரம் ஆனது. திரும்பி வந்தபோது எல்ஸி கீபோர்டை உறைக்குள் போட்டு, ஜிப் இழுத்து, வாசலில் தயாராக வைத்திருந்தாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே நினைத்தேன்.

மண்டபத்தில் எல்லாம் என் கணக்குப்படி நடந்தது. ஒன்று முதல் ஏழு வரை பெடல் சொன்னபடி கேட்டது. பமேலா உள்ளே நுழைந்தபோது வயலின் வந்தது. நாய் வரவில்லை. தாளக்காரன் யுகேந்திரன், "அண்ணே, இன்னிக்கு நீங்க வேற லெவல் லா" என்றான். கேக் வெட்டினார்கள். சில்வெஸ்டர் கோட்டும் டையுமாக மேடையோரம் வந்து நின்றார்.

"மச்சான், ஒரே ஒரு..."

நான் காகிதத்தைக் காட்டினேன். "நான் தடுக்கல மச்சான். மிஷின் அப்படி."

"தெரியும் மச்சான். எல்ஸி சொல்லிச்சு" என்று சிரித்தார். போகவில்லை. அங்கேயே நின்றார். ரசிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

விளக்கைக் குறைக்கச் சொன்னேன். கண்ணை மூடினேன். பெடலை மிதித்தேன். விரலை வைத்தேன். மழை வரவில்லை. அக்கார்டியன் வந்தது.

கண்ணைத் திறந்தேன். திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது: '8. அண்ணன். மைனஸ் 4.'

அப்பா மகளுக்குப் பாடும் ஒரு பழைய பாட்டின் முன்னிசை அது, எப்போதோ நானே பதிவு செய்து வைத்தது. தானாக ஓடிக்கொண்டிருந்தது. எதை அமுக்கி நிறுத்தலாம் என்று என் கை தேடியது. அதற்குள் மைக்கில் எல்ஸியின் குரல். கிளினிக்கில் நம்பர் கூப்பிடும் அதே குரல்.

"அடுத்து, நம்பர் எட்டு. பொண்ணோட அப்பா, திரு. சில்வெஸ்டர். யாரும் தயவுசெஞ்சு வேற பாட்டு கேக்காதீங்க. செட்லிஸ்ட் மாத்த முடியாது. எங்க வீட்டுக்காரரே கைப்பட எழுதி ஒட்டியிருக்காரு."

நானூறு பேரும் கை தட்டினார்கள். நானூறு பேருக்கு முன்னால் என் கையெழுத்தை நானே பொய்யாக்க முடியுமா? வாசித்தேன்.

சில்வெஸ்டர் பாடினார். துரத்தத் தயாராக இருந்த எனக்கு வேலையே இல்லை. ஆள் ஒரே இடத்தில் நின்றார். அந்தச் சுருதியில் அவர் குரல் தாழ்ந்து, நிதானமாக, யாரையும் எட்டிக் கூப்பிடாத குரலாக இருந்தது. மண்டபத்தில் ஸ்பூன் சத்தம்கூடக் கேட்கவில்லை. இரண்டாவது சரணத்தில் பமேலா எழுந்து வந்து அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சோலோ போன துக்கம் என்றுதான் யுகேந்திரனிடம் சொன்னேன்.

போகட்டும், ஒன்பதில் என் மழை இருக்கும் என்று மிதித்தேன். '9. ரீத்தா சித்தி. பிளஸ் 2.' மிதித்தேன். '10. மாப்பிள்ளையின் அப்பா. மைனஸ் 3. மெதுவாக.' அவரும் சுருதி தப்பவில்லை. அதற்குமேல் எங்கள் பாட்டுகள் வந்தன. பதினாலு வரை மிதித்துப் பார்த்தேன். பேராக் மாநிலம் முழுக்க வறட்சி.

வயர் சுருட்டும்போது எல்ஸியைப் பிடித்தேன்.

"எப்படி பண்ணுன?"

"நீங்க தலைக்கு மை போடப் போனீங்கல்ல."

"சுருதி எப்படித் தெரியும் ஒனக்கு?"

"அண்ணன வீட்டுக்கு வரச் சொல்லிப் பாட வெச்சேன். நம்பரக் கொறைச்சிக்கிட்டே வந்தேன். மைனஸ் நாலுல கழுத்து நரம்பு அடங்கிருச்சு. அதான் அவரு சுருதி. மத்த ரெண்டு பேரு போன்ல பாடுனாங்க."

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். ரெண்டு தடவ."

இதை இப்படியே விடக்கூடாது என்று அங்கேயே சபதம் செய்தேன். மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, தெம்பாக உட்கார்ந்தேன். எல்ஸியின் போன் ஓயவில்லை. சிம்பாங் பூலாயில் ஒரு டின்னர், லகாட்டில் ஒரு டின்னர். இரண்டு வீட்டாரும் கேட்டது ஒன்றுதான்: "சொந்தக்காரங்கள நல்லா பாட வைக்கிற அந்த பேண்ட் இருக்கா?" எல்ஸி ஒவ்வொருவரிடமும், யார் யார் பாடப் போகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

நான் மேசையைத் தட்டினேன். "எல்ஸி, தெளிவா சொல்லிடறேன். என் சோலோ இல்லாம இனிமே நான் கீபோர்டத் தொட மாட்டேன்."

"யாரு இல்லன்னா? போட்டுட்டேனே."

"எங்க?"

"மொத நம்பரே ஒங்களதுதான்."

முதல் நம்பர்! சில்வெஸ்டருக்கு முன்னால், சித்திக்கு முன்னால், ஏன், மணப்பெண்ணுக்கே முன்னால்! இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருவழியாக ஜெயித்துவிட்டேன்.

"முழுசா ஏழு நிமிஷமா?"

"முழுசா. வேணும்னா ரெண்டு தடவகூட வாசிங்க. யாரும் கச்சாவ் பண்ண மாட்டாங்க, ஒரு தொந்தரவும் இருக்காது."

"அவ்ளோ உறுதியா எப்படிச் சொல்ற?"

எல்ஸி பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "மொத நம்பர் சவுண்ட் செக்குல, அஞ்சு மணிக்குங்க. ஆளுங்க எட்டு மணிக்குத்தான் வருவாங்க."