மாமனாரும் நானும் ட்யூப் பிடித்த கதை

நம்மோடு பேசாத மனிதரோடு ஒரே வீட்டில் இருந்துவிடலாம். ஆனால் அவரோடு சேர்ந்து நிலத்துக்கு மட்டம் மட்டும் பார்க்கக் கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

நான் ஏலப்பாறை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவன். சுமதி, பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்புக்காரர் மகள். ஒரே கடையில் வேலை பார்த்தோம், ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டோம். மாமனார் எங்களை வீட்டுக்குள் விட்டார். என்னோடு மட்டும் பேசவில்லை. "கண்ணு, வந்தவங்களச் சாப்படச் சொல்லு" என்று மகளிடம் சொல்வார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் வாயால் ஒரு தரம் 'மாப்ள' என்று கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கினேன். மாட்டுக்குத் தீவனம்கூட வைத்துப் பார்த்தேன் (மாடு பேசிவிடும் போலிருந்தது, அவர் பேசவில்லை).

அந்தப் பக்கம் மழை குறைவு. போர்வெல்லெல்லாம் வறண்ட பிறகு மழைத்தண்ணீரைத் தேக்க ஊர்க்காரர்களே நீர்த்தடக் கமிட்டி போட்டார்கள். தலைவர் என் மாமனார். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் நீளமாகக் குழி வெட்டுவது திட்டம். மட்டம் சரியாக இருந்தால் மழைத்தண்ணீர் நின்று மண்ணில் இறங்கும். பிசகினால் அது குழியல்ல, வாய்க்கால். முதல் குழி மாமனார் வீட்டுக்கு மேலே இருந்த சரிவில்.

மட்டம் பார்க்க ட்யூப் பிடிக்கும் ஆள் அன்று வரவில்லை. எனக்குத் தெரியுமா என்று சுமதி வழியாகக் கேட்டார். தெரியும் என்று கூசாமல் புளுகினேன். எங்கள் எஸ்டேட்டில் தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடும், அதை யாரும் அளந்ததில்லை.

தண்ணீர் நிரப்பிய நீளமான ட்யூப். ஒரு முனை அவர் கம்பில், மறுமுனை என் கம்பில். நடக்கும்போது சிந்தாமலிருக்க முனையைக் கட்டைவிரலால் மூட வேண்டும்; மட்டம் பார்க்கும்போது விரலை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவே இல்லை. தண்ணீர்ப் பஞ்சம் பிடித்த ஊரில் ஒரு சொட்டு சிந்தினாலும் மாமனார் என்ன நினைப்பார் என்று உயிரைக் கொடுத்து அமுக்கிப் பிடித்தேன். அடைத்த ட்யூப்பில் தண்ணீர் அசையாது என்று யாருக்குத் தெரியும்? அவர் என் கையைப் பார்ப்பார், உடனே வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். பாவம், பசி போல என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் போட்ட சுண்ணாம்புக் கோட்டின்மேல் தொழிலுறப்புப் பெண்கள் (நூறு நாள் வேலைக்காரர்கள்தான்) குழி வெட்டி முடித்தார்கள்.

கோடை மழை வந்தது. சரிவில் விழுந்த தண்ணீரெல்லாம் குழியில் நிற்காமல், அதன் வழியாகவே ஒழுங்காக நடந்து மாமனார் வாசலுக்கு வந்து சேர்ந்தது. விற்பதற்காகக் குவித்திருந்த தேங்காயெல்லாம் மிதந்து, கேட்டைத் தாண்டி, ரோட்டில் ஊர்வலம் போனது.

நான் ஓடினேன். பின்னால் மாமனாரும் ஓடி வந்தார். இனி இந்த ஜென்மத்தில் பேசமாட்டார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"செருப்பக் கழட்டிப்போட்டு ஓடுங்க மாப்ள, வழுக்கிரும்."

நின்றுவிட்டேன். தேங்காய்கள் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. "சரிங்க மாமா" என்றேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஓடினேன்.

தேங்காயையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்த பிறகு, காப்பி டம்ளரைப் பார்த்தபடியே மாமனார் சொன்னார்: "நீங்க வெரல எடுக்கலைன்னு அன்னைக்கே பாத்தேனுங்க மாப்ள. சொல்லச் சொல்லலாம்னு கண்ணுவத் தேடுனேன். அவ ஊட்டுக்குள்ள இருந்தா."

சுமதி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுபடியும் நாங்கள் இருவரும்தான் ட்யூப் பிடித்தோம். புதுக் குழியில் தண்ணீர் சமர்த்தாக நிற்கிறது. மாமனார்தான் நிற்பதில்லை. நாங்கள் கடை வேலைக்குத் திரும்பிய பிறகு, விடிந்ததும் எனக்குப் போன் செய்து தோப்பு, கிணறு, ஈரம் என்று பேசித் தீர்த்துவிட்டு, "கண்ணுவ நான் கேட்டேன்னு சொல்லிருங்க மாப்ள" என்று வைத்துவிடுவார். கண்ணு பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் இப்போது அவள் சொல்வது இதைத்தான்: "அந்த மழையில தேங்காயெல்லாம் திரும்பக் கெடைச்சுருச்சுங்க. எங்கப்பாவத்தான் இவரு வாரிக்கிட்டுப் போயிட்டாரு."